மருந்து கொடுக்காமல் விட்ட ஆடுகள்

இந்தச் சஞ்சிகையில் விசாப் படிவம் நிரப்புவது பற்றி எழுதுகிறார்கள், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி பற்றி எழுதுகிறார்கள், ஊர்க் கோயில் திருவிழா பற்றியும் எழுதுகிறார்கள். நாங்கள் ஆட்டின் வயிற்றுப் பூச்சியைப் பற்றி எழுத வந்திருக்கிறோம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நியூ சவுத் வேல்சின் நாட்டுப்புற ஊர்களுக்கு வேலை தேடி வருகிற எங்கள் சனம், வளவோடு ஒரு வீடு வாடகைக்கு அகப்பட்டதும் இரண்டு ஆடு வாங்கிக் கட்டத்தான் பார்க்கும். அப்படி ஆசைப்பட்ட மூன்று குடும்பங்களுக்கு ஆடு கொடுத்தவர்கள் நாங்கள். ஆட்டோடு சேர்த்து வேறொன்றையும் கொடுத்துவிட்டோம். அதனால்தான் எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் நாலு பேர். ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. செம்மறியின் குடலும் வயிறும் வந்து விழுகிற மேசைதான் எங்கள் இடம். ஆமிடேலைச் சுற்றியுள்ள மேட்டுநிலப் பகுதி இது. 2019 இல் இங்கே பெரிய வரட்சி. வேலிக்கரை எல்லாம் மண். 2020 தொடக்கத்தில் மழை திரும்பியது. புல் முழங்கால் உயரத்துக்கு வந்தது. அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் எங்களுக்கு ஆசை வந்தது. ஊரில் கயிற்றை அறுத்துவிட்டுவிட்டு நாங்கள் மட்டும் ஓடிவந்த ஆடுகளின் ஞாபகம் எங்கள் நாலு பேருக்கும் உண்டு. அதைப் பற்றி இங்கே அதிகம் வேண்டாம்.

வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் ஒரு வயது போன வெள்ளைக்காரர் நாலு ஏக்கரை இரண்டு துண்டாக வேலி அடைத்து எங்களுக்கு விட்டார். 2020 செப்ரெம்பரில் ஆறு மறியும் ஒரு கிடாயும் வாங்கினோம், போவர் கலப்பு. நாலு பேரும் சேர்ந்து போட்ட காசு இரண்டாயிரம் டொலருக்குக் கிட்ட. புதிதாக வந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே ஒரேயொரு ஆடு வளர்த்தாலும் அந்தக் காணிக்கு அரசாங்க அடையாள எண் வேண்டும். ஒரு காணியிலிருந்து இன்னொரு காணிக்குக் கொண்டுபோவதென்றால் காதில் அடையாளத் தகடும் கையில் தாளும் வேண்டும். அந்த விடயத்தில் பெரியவர் எங்களைப் பிழை விட விடவில்லை. மற்ற எல்லாப் பிழையையும் நாங்களாகவே விட்டோம்.

முதல் கோடையிலேயே, தை மாதம், ஒரு மறிக்குத் தாடைக்குக் கீழே பை போல வீங்கித் தொங்கியது. கழிச்சல் இல்லை. புழுக்கை மணி மணியாகத்தான் போனது. ஊரில் வயிற்றுப் பூச்சி என்றால் கழியும் என்றுதான் எங்களுக்குத் தெரியும். ஆனபடியால் பல்லில் ஏதோ என்று நினைத்தோம். பெரியவர் வந்து ஆட்டின் கீழ்க் கண்ணிமையை விரலால் விரித்துக் காட்டினார். உள்ளே கடதாசி போல வெள்ளை. “புழு” என்றார். நாங்கள் கடைக்கு ஓடிப்போய் வெள்ளை மருந்துப் போத்தல் ஒன்று வாங்கி வந்தோம். வெள்ளை மருந்து என்பது இங்கே கமக்காரர்கள் சொல்கிற பெயர்தான், பால் போல இருக்கும், பழைய இன மருந்து.

அன்று செய்ததை வரிசையாகச் சொல்லுகிறோம், ஏனென்றால் ஒவ்வொன்றும் பிழை. நிறையைக் கண் மட்டத்தில் முடிவு செய்தோம். போத்தலில் செம்மறிக்கு எழுதியிருந்த அளவையே வெள்ளாட்டுக்கும் பருக்கினோம். ஒரு ஆடுதான் சுகமில்லாதது, ஆனால் ஏழுக்கும் கொடுத்தோம். கொடுத்த அன்றைக்கே எல்லாவற்றையும் ஓய்வில் கிடந்த அடுத்த துண்டுக்கு மாற்றினோம். சுத்தமான வயிற்றோடு சுத்தமான புல்லுக்குப் போகட்டும் என்று. அதன் பிறகு நாலு கிழமைக்கு ஒரு தரம் தவறாமல் மருந்து. நாங்கள் சம்பளத் திகதியை மறந்தாலும் மருந்துத் திகதியை மறக்கவில்லை. பெரிய கெட்டிக்காரர் என்றுதான் எங்களை நினைத்துக்கொண்டிருந்தோம்.

2021 இல் குட்டிகள் நின்றன. புதிதாக வந்த குடும்பங்கள் கேட்டார்கள். ரம்வேர்த் பக்கம் ஒரு குடும்பம், இன்வெரல் பக்கம் ஒரு குடும்பம், இன்னொரு குடும்பம். காசு வாங்கவில்லை. குட்டியோடு மருந்துப் போத்தலின் பெயரையும் எழுதிக் கொடுத்தோம்.

அடுத்த கோடையும் மழைக் கோடை. 2022 மாசியில் பத்து நாளுக்குள் எங்களுக்கு மூன்று ஆடு செத்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த தாய் மறி, வெள்ளைச்சி என்று கூப்பிடுவோம், அதுவும் போய்விட்டது. காலையில் நின்று புல் மேய்ந்தது, பின்னேரம் வேலை முடிந்து வர வேலியோரம் விறைத்துக் கிடந்தது. மருந்து கொடுத்துப் பன்னிரண்டு நாள்தான். அந்தக் கிழமையே ரம்வேர்த்திலிருந்து தொலைபேசி.

“அண்ணை, நீங்கள் தந்த பெட்டை எழும்புதில்லை. கழிச்சலும் இல்லை. தாடைக்குக் கீழ பை மாதிரித் தொங்குது.”

“மருந்து குடுத்தனீங்களோ, தங்கச்சி?”

“நீங்கள் எழுதித் தந்த வெள்ளை மருந்துதான். மூன்று தரம் குடுத்திட்டம். பிள்ளையள் பக்கத்தில இருந்து அழுகுதுகள்.”

அந்த ஆடு அன்று இரவே செத்தது. அவர்கள் எங்களைக் குறை சொல்லவில்லை. ஊரில் என்றால் ஒருவர் தந்த ஆடு செத்தால் தந்தவருக்குக் கண் பட்டது என்று சமாளிக்கலாம். இங்கே அந்தச் சமாதானம் எங்களுக்கு ஏறவில்லை.

அடுத்த நாள் மேசையில் வேலை செய்யும்போது எங்களில் ஒருவர் ஒரு செம்மறியின் நாலாம் வயிற்றைப் பிரித்துக் கழுவினார். ஆட்டுக்கு வயிறு நாலு, இரைப்பையென்று சொல்லத்தக்க வயிறு நாலாவதுதான். உட்தோலில் நூல் நூலாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் நீளம், சிவப்பும் வெள்ளையும் முறுக்கினாற்போல. வெள்ளைக்காரரின் முடிவெட்டும் கடை வாசலில் சிவப்பு வெள்ளைக் கம்பம் சுற்றுமே, அதன் பெயரைத்தான் இந்தப் புழுவுக்கு வைத்திருக்கிறார்கள். சிவப்பு, அது குடித்த ஆட்டு இரத்தம். வெள்ளை, அதன் சூல் குழாய். நாலு வருடமாக எங்கள் கையால் கழுவித் தள்ளியது இதைத்தான், பெயர் கேட்டதில்லை.

ஒரு புழு நாளுக்கு ஒரு மில்லிலீற்றரில் இருபதில் ஒரு பங்கு இரத்தம் குடிக்கும். அது ஒன்றுமில்லை. ஐயாயிரம் புழு இருந்தால் நாளுக்கு 250 மில்லிலீற்றர், ஒரு பெரிய தேத்தண்ணிக் கோப்பை. முப்பது கிலோ ஆட்டின் உடம்பில் இருப்பதே இரண்டு லீற்றர் அளவு இரத்தம். இரத்தம் நீர்த்துப்போய்த்தான் தாடைக்குக் கீழே தண்ணீர் இறங்குகிறது. ஒரு பெண் புழு நாளுக்கு ஐயாயிரத்துக்கு மேல் முட்டை இடும். முட்டை புழுக்கையோடு விழுந்து, சூடும் ஈரமும் கிடைத்தால் ஒரு கிழமைக்குள் குஞ்சுப் புழுவாகிப் புல்லில் ஏறும். ஆடு மேய்ந்து மூன்று கிழமையில் அந்தக் குஞ்சும் முட்டை இடத் தொடங்கிவிடும். மழைக் கோடையில் என்ன நடக்கும் என்று கணக்குப் பார்க்கத் தேவையில்லை. (ஆட்டுக் குடல் கறி சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். இது ஆட்டின் புழு, வடிவாகக் கழுவிச் சமைத்தால் போதும்.)

லோக்கல் லாண்ட் சேர்விசஸ் என்ற அரச அலுவலகத்தில் மாவட்ட மிருக வைத்தியர் இருக்கிறார். போனோம். எங்கள் இங்கிலிஷைக் கேட்டு ஓடாமல் இருந்து கேட்ட ஒரு இளம் பெண். புழுக்கை பொறுக்கி அனுப்புகிற பெட்டி ஒன்று தந்தார். மருந்து கொடுக்கும் நாளில் ஒரு தரம், பதினாலு நாள் கழித்து ஒரு தரம் அனுப்பச் சொன்னார். முதல் முறை ஒரு கிராம் புழுக்கையில் 3,800 முட்டை. மருந்துக்குப் பிறகு 2,900. நல்ல மருந்தென்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குறைய வேண்டும். எங்களுக்கு நூற்றுக்கு இருபத்துநாலு. ஒரு வருடத்துக்கு மேலாக நாங்கள் வெள்ளைத் தண்ணீர் பருக்கியிருக்கிறோம்.

அவர் சொன்னதை எங்கள் மொழியில் சொல்லுகிறோம். எந்த மருந்துக்கும் சாகாத ஒன்றிரண்டு புழு ஆயிரத்தில் இருக்கும். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்தால் மிஞ்சுவது அவை மட்டும். அன்றைக்கே புழு இல்லாத புல்லுக்கு மாற்றினால் அங்கே விழும் முட்டை முழுவதும் அந்த மிஞ்சியவற்றின் முட்டை. நல்ல விதைநெல்லைப் பொறுக்கி எடுத்து, உழுது பண்படுத்திய வயலில் விதைத்த மாதிரி நாங்கள் மருந்துக்கு அசையாத புழுவைப் பொறுக்கி விதைத்திருக்கிறோம். அதோடு வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் செம்மறியை விடக் கெதியாகக் கழித்துவிடும். ஆனபடியால் செம்மறி அளவு வெள்ளாட்டுக்குக் காணாது. அரைகுறையாய் அடிபட்ட பாம்பு மாதிரி, புழு சாகாமல் பலத்தோடு எழும்பும். அதற்காக நீங்களாக அளவைக் கூட்டிக் கொடுக்கவும் கூடாது, சில மருந்து கூடினால் ஆடு செத்துவிடும். வெள்ளாட்டுக்கு என்று போத்தலில் எழுதாத மருந்தை மிருக வைத்தியர் எழுதித் தராமல் கொடுக்காதீர்கள்.

இது எங்கள் நாலு ஏக்கரில் மட்டும் நடந்த கதையல்ல. 1961 இல் தயாபெண்டசோல் என்ற மருந்து வந்தபோது புழுவுக்கு முடிவு வந்துவிட்டது என்றார்கள். சில வருடத்திலேயே அதற்குச் சாகாத புழு வந்தது. 1981 இல் ஐவர்மெக்ரின் வந்தது. அதைக் கண்டுபிடித்த ஜப்பானியர் சத்தோஷி ஓமுராவுக்கும் வில்லியம் காம்பெலுக்கும் 2015 இல் நோபல் பரிசும் கிடைத்தது, மனிதரின் கண்ணைக் காப்பாற்றிய மருந்தல்லவா. ஆட்டுப் புழு அந்தப் பரிசுக்குக் காத்திருக்கவில்லை, 1980களிலேயே தென்னாபிரிக்காவில் அதை வென்றுவிட்டது. 2009 இல் நியூசிலாந்தில் மொனெபன்ரெல் என்ற புத்தம் புது மருந்து வந்தது. 2013 இல் அதே நியூசிலாந்தில் அதற்கும் சாகாத புழு பற்றி எழுதினார்கள். நாலு வருடம். எங்களில் சிலருக்கு விசா முடிவு வர எடுத்த காலத்தை விடக் குறைவு.

“அப்ப என்ன செய்யிறது?” என்று கேட்டோம். சில ஆடுகளுக்கு மருந்து கொடுக்காமல் விடச் சொன்னார். எங்களுக்கு விளங்கவில்லை. மருந்தைக் காணாத புழுக்கள், மருந்து கொடுக்காத ஆட்டின் வயிற்றிலும் புல்லிலும் இருக்க வேண்டுமாம். அவை மருந்துக்குச் சாகக்கூடிய புழுக்கள். அவற்றின் முட்டை அதிகமாக விழுந்தால், சாகாத புழுவின் குஞ்சுகள் அந்தக் கூட்டத்தில் கலந்து கரைந்துபோகும், மருந்தும் கொஞ்சக் காலம் வேலை செய்யும். அப்படித் தப்பியிருக்கிற கூட்டத்துக்கு அவர்கள் படிப்பில் ஒரு பெயர் இருக்கிறது: றெபியூஜியா.

அந்தச் சொல்லைக் கேட்டதும் நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். படகால் இறங்கிய நாளிலிருந்து எங்களுக்கு விழுந்த பெயரும் கிட்டத்தட்ட அதுதானே. ஒருவர் சிரித்துவிட்டார். அந்தப் பிள்ளைக்கு முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டார். பரவாயில்லை, புகலிடம் என்பது நல்ல சொல், எல்லாவற்றையும் ஒரேயடியாய்த் துடைத்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கும் தெரியும் என்றோம். அன்று தொடங்கி எங்கள் வீட்டில் மருந்து கொடுக்காமல் விடுகிற ஆடுகளுக்கு றெபியூஜிகள் என்றுதான் பெயர்.

எதை விடுவது, எதற்குக் கொடுப்பது? அதற்கு ஒரு அட்டை இருக்கிறது. 1990களில் தென்னாபிரிக்காவில் செய்தது, பமாச்சா என்பார்கள், ஃபாஃபா மலான் என்ற மிருக வைத்தியரின் பெயரிலிருந்து வந்த பெயர். கண்ணிமை உட்தோலின் ஐந்து நிறம் அதில் இருக்கும். ஒன்று நல்ல சிவப்பு, ஐந்து வெள்ளை. நாலும் ஐந்தும் என்றால் மருந்து, ஒன்றும் இரண்டும் என்றால் விடு. மூன்று என்றால் குட்டி, சினை, பால் ஆடு என்று பார்த்து முடிவு. கோடையில் கிழமைக்கு ஒரு தரம் நல்ல வெயில் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். யாரும் போட்டோக் கொப்பி எடுத்துப் பாவிக்காதீர்கள், நிறம் மாறிவிடும். நாங்கள் முதலில் அதைத்தான் செய்தோம், கொப்பியில் பார்த்தால் எல்லா ஆடும் நாலாம் நம்பர். இந்த அட்டை இரத்தம் குடிக்கும் புழுவுக்குத்தான், கழிச்சல் தருகிற மற்றப் புழுக்களைக் காட்டாது. அதற்குப் புழுக்கைதான் அனுப்ப வேண்டும்.

பார்க்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு விசித்திரம் தெரிந்தது. எல்லா ஆட்டிலும் புழு ஒரே அளவில் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு ஆடுகளிடம்தான் பெரும்பாலான புழு இருக்கும் என்று வைத்தியர் சொன்னது சரி. எங்கள் பட்டியில் ஒரு மறி மூன்று தரம் மருந்து கேட்டது, பக்கத்தில் நின்ற கறுப்பி ஒரு தரமும் கேட்கவில்லை. கறுப்பியின் குட்டிகளை வைத்திருக்கிறோம். மற்றதைக் குட்டிக்கு வைக்கவில்லை, அது என்ன ஆனது என்று தீபாவளிக்கு வந்தவர்களுக்குத் தெரியும். மருந்து கொடுத்த ஆட்டைப் போத்தலில் எழுதிய நாள் முடியும்வரை வெட்டக்கூடாது. கமக்காரரிடம் ஆடு வாங்குகிறவர்களும் கடைசியாக எப்போது மருந்து கொடுத்தது என்று கேட்டு வாங்குங்கள். இப்போது நிறையை நாடாவால் நெஞ்சைச் சுற்றி அளக்கிறோம். குட்டி என்றால் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறி, பிறகு எங்கள் நிறையைக் கழிக்கிறோம். அதில் எங்களில் ஒருவருடைய நிறையும் வெளியே வந்து பெரிய பகிடியாகிவிட்டது.

புல் விடயம் எங்களுக்கு ஊரிலேயே பாதி தெரிந்திருந்தது. எங்களில் ஒருவரின் அம்மம்மா பனி காயாமல் ஆட்டை அவிழ்க்க விடமாட்டா. ஏனென்று கேட்டால் சொல்லவும் மாட்டா. குஞ்சுப் புழு ஈரத்தில்தான் புல்லில் ஏறும், அதிகமும் நிலத்திலிருந்து பத்து சென்ரிமீற்றருக்குள்தான் நிற்கும். ஊரில் பூவரசங் குழையும் பலா இலையும் முடிந்து உயரக் கட்டித் தொங்கவிடுவோமே, அந்த உயரத்துக்குப் புழு வராது. வெள்ளாடு தலையைத் தூக்கிக் குழை கடிக்கிற சாதி, அதை நாங்கள் இங்கே கொண்டுவந்து ஒட்டப் புல் மேய வைத்தோம். இப்போது பெரியவரின் வேலிக்கரை மர லூசேர்னை வெட்டிக் கட்டுகிறோம். அலரி இங்கேயும் தெருவுக்குத் தெரு நிற்கிறது, இலை கொஞ்சம் தின்றாலே ஆடு போய்விடும், கவனம். நாலு ஏக்கரையும் எட்டுத் துண்டாகப் பிரித்தோம். சூட்டு மாதத்தில் ஒரு துண்டில் நாலு, ஐந்து நாள்தான், முட்டை குஞ்சாக முதல் அடுத்த துண்டு. இடையில் பெரியவரின் மாடுகள் வந்து மேயும். மாடு தின்கிற குஞ்சுப் புழு பெரும்பாலும் மாட்டு வயிற்றில் வளராது. செம்மறியை நம்ப முடியாது, இரண்டுக்கும் ஒரே புழு.

செம்மறி வளர்க்கிறவர்களுக்குத் தடுப்பூசி ஒன்றும் இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் மோர்டன் நிலையம் கண்டுபிடித்து மேற்கு அவுஸ்திரேலியாவின் அல்பனியில் செய்வது, 2014 இல் விற்பனைக்கு வந்தது. புழு ஏற்றிய செம்மறிகளின் நாலாம் வயிற்றிலிருந்து எடுக்கும் புழுக்களில்தான் அதைச் செய்கிறார்கள். நாங்கள் கழுவித் தள்ளுவதைப் போன்ற ஒன்றை அங்கே சேர்த்து எடுக்கிறார்கள்.

கடந்த கோடையில் பதினொரு ஆட்டில் நாலுக்குத்தான் மருந்து கொடுத்தோம், வைத்தியர் எழுதித் தந்த வேறு இன மருந்துகளைச் சேர்த்து. ஒன்றும் சாகவில்லை. ஆனால் நாங்கள் விதைத்த புழு இன்னும் இந்தக் காணியில் இருக்கிறது, வெள்ளை மருந்து எங்களுக்கு இனிமேல் இல்லை.

ரம்வேர்த் குடும்பத்திடம் நேரே போனோம். தங்கச்சி தேத்தண்ணி ஊற்றித் தந்தா. புழுக்கை பொறுக்கி அனுப்பினோம், அங்கேயும் எங்கள் புழுதான், வெள்ளை மருந்துக்கு அசையவில்லை. கறுப்பியின் குட்டிகளில் இரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தோம், இந்த முறை முறைப்படி. கொண்டுபோக முதல் ஒன்றுக்கு மேற்பட்ட இன மருந்து சேர்த்துக் கொடுத்து, மூன்று நாள் தனிக் கொட்டிலில் கட்டி, பதினாலாம் நாள் புழுக்கை பார்த்து. யாரிடம் ஆடு வாங்கினாலும், எங்களிடம் வாங்கினாலும், இதைச் செய்யாமல் உங்கள் புல்லில் இறக்காதீர்கள். இன்வெரல் குடும்பத்துக்கும் அட்டை கொடுத்திருக்கிறோம்.

மூன்றாவது குடும்பம் 2022 கடைசியில் வேலை மாறிப் போய்விட்டது, தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. தாளில் இருப்பது பழைய காணியின் எண். நாங்கள் தந்தது காது நீண்ட கபிலக் கிடாய்க் குட்டி ஒன்று, முன் இரண்டு காலும் வெள்ளையான மறிக் குட்டி இரண்டு. உங்கள் சின்ன மகள் ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினா. இந்தச் சஞ்சிகை உங்கள் கையில் கிடைத்தால் இன்றைக்கே கீழ்க் கண்ணிமையை விரித்துப் பாருங்கள். வெளிறியிருந்தால் நாங்கள் எழுதித் தந்த மருந்தை வாங்க வேண்டாம். ஆசிரியரிடம் எங்கள் எண் இருக்கிறது. சனி, ஞாயிறில் நாங்கள் பெட்டியோடு வருவோம், எவ்வளவு தூரமென்றாலும்.